தானியங்கி மோட்டாருக்கு விதி எழுதுவது யார்?
கட்டடத் தானியக்கத்தின் வரலாறும் நமக்கான பாடமும்



போர்வெல் மோட்டார், சம்ப், மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தானியங்கியாக்கி, கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்ற பேச்சு நம் சங்கத்தில் எழுந்திருக்கிறது. விலைப்புள்ளி வாங்குவதற்கு முன்னால் இந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது, அதை எப்படி அமைக்கிறார்கள், எப்படி ப்ரோகிராம் எழுதுகிறார்கள் என்று ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. அப்போதுதான் வருகிற நிறுவனத்தாரிடம் நாம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

உப்பளத்திலும் ஏரியிலும் உள்ள விதி

எந்தத் தானியங்கி அமைப்பிலும் மூன்று வேலைகள்தான் நடக்கின்றன. ஒன்று அளக்கிறது, ஒன்று முடிவெடுக்கிறது, ஒன்று செய்கிறது. இன்று இவற்றை சென்சார், கன்ட்ரோலர், வால்வு அல்லது ரிலே என்கிறோம். ஆனால் இந்த மூன்று வேலைகளும் நம் பகுதிக்குப் புதியவை அல்ல.

மரக்காணம் உப்பளங்களைப் பாருங்கள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்றவிடுகிறார்கள். அதன் செறிவை போமே மானியால் அளக்கலாம். சுமார் 25 பாகை வந்தால் சோற்றுப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து உப்பு கசக்கும். எனவே அதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். ‘25 வந்தால் படிகப் பாத்திக்கு விடு, 29-ஐத் தொட்டால் திறந்துவிடு.’ இது ஒரு ப்ரோகிராம்தான். கருவி கையில் இல்லாத உப்பளத் தொழிலாளி நிறத்தையும் பிசுபிசுப்பையும் பார்த்தே இந்த முடிவை எடுத்துவிடுவார்.

ஏரிகளில் உள்ள கலிங்கு இன்னும் ஒரு படி மேலே. நீர்மட்டம் கலிங்கின் உச்சியைத் தாண்டினால் யாரும் சொல்லாமலே உபரிநீர் வழிந்துவிடும். நள்ளிரவில் மழை கொட்டினாலும் ஆள் தேவையில்லை. எந்த மட்டத்தில் வழிய வேண்டும் என்ற விதியைக் கட்டியவர் கல்லிலேயே எழுதிவைத்துவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்த தெர்மோஸ்டாட்

கட்டடத்துக்குள் இந்த எண்ணம் நுழைந்தது குளிர் நாடுகளில். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். வகுப்பறைகளின் வெப்பத்தை அறிய, காவலாளி ஒவ்வொரு அறையாக வந்து பார்க்க வேண்டும்; பிறகு அடித்தளத்துக்கு இறங்கி உலையின் தட்டியைத் திருப்ப வேண்டும். வகுப்பு நடுவில் கதவு திறந்து திறந்து மூடும். இதற்கு முடிவுகட்ட ஜான்சன் மின்சார அறை தெர்மோஸ்டாட் ஒன்றை உருவாக்கி 1883இல் காப்புரிமை பெற்றார். 1885இல் மில்வாக்கி நகரில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜான்சன் கன்ட்ரோல்ஸ். 1895இல் அழுத்தக் காற்றைக் கொண்டு ஒவ்வோர் அறையின் வெப்பத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் முறைக்கும் அவர் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் பெரிய கட்டடங்களின் சுவர்களுக்குள் மெல்லிய காற்றுக் குழாய்கள்தான் நரம்புகளாக ஓடின.

அந்தக் காவலாளியின் நடை மிச்சமானது. அவருடைய அறிவும் ஒரு கருவிக்குள் போய்விட்டது. எந்த அறை சீக்கிரம் சூடாகும், எந்த ஜன்னல் சரியாக மூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கருவிக்குத் தெரிந்தது ஓர் எண் மட்டும். தானியக்கத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

ரிலேயிலிருந்து கணினிக்கு

1960களின் இறுதியில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் ரிலே நிறைந்த அலமாரிகளுக்குப் பதிலாக ஒரே பெட்டி வந்தது. அதுதான் பிஎல்சி. அதற்கு ப்ரோகிராம் எழுதும் முறையை ஏணி வடிவப் படமாக வைத்தார்கள். ரிலே வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இதையும் படித்துவிடலாம் என்பதே காரணம். இன்றும் பல மோட்டார் பலகைகளில் இந்த ஏணிப்படம்தான் ஓடுகிறது. மோட்பஸ் என்ற எளிய தொடர்புமொழியும் அதே தொழிலிலிருந்து 1979இல் வந்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடி எரிபொருள் விலையை ஏற்றியது. கட்டடங்கள் எவ்வளவு ஆற்றலை விழுங்குகின்றன என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். 1980களில் மைக்ரோபிராசசர் மலிவானதும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு சிறு கன்ட்ரோலர் வைப்பது வழக்கமாயிற்று.

அங்கேதான் ஒரு சிக்கலும் வந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனி மொழி பேசியது. ஒருவரிடம் வாங்கிவிட்டால் சிறு பாகத்துக்கும் கடைசிவரை அவரிடமே போக வேண்டும். இதை உடைக்க, ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1987இல் ஒரு குழுவை அமைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1995இல், பேக்நெட் என்ற பொது மொழி தரநிலையாக வெளிவந்தது. 2003இல் அது உலகத் தரநிலையும் ஆனது. விலைப்புள்ளியில் ‘பேக்நெட் அல்லது மோட்பஸ் பேசுமா?’ என்று நாம் கேட்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

நம் பக்கத்திலேயே மூன்று பாடங்கள்

வெளிநாடு வரை போக வேண்டாம். இடையஞ்சாவடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஆரோவில்லின் மாத்ரிமந்திர் இருக்கிறது. 1971இல் அடிக்கல் நாட்டி 2008இல் நிறைவடைந்த கட்டடம். உள்ளே 70 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி உருண்டை மேல் ஒற்றைச் சூரியக் கதிர் விழுகிறது. கூரைமேல் உள்ள ஹீலியோஸ்டாட் என்ற கண்ணாடி, கணினி நிரலின்படி சூரியனோடு திரும்பிக்கொண்டே இருப்பதால்தான் கதிர் நகராமல் நிற்கிறது.

ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது, சூரிய ஒளி குவியும் இடத்தைத் தேடி அதன் நீராவிக் குழாய்தான் கணினிக் கட்டுப்பாட்டில் நகரும். தெளிந்த வெயில் நாளில் சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் நீராவி கிடைக்கும் என்ற கணக்கில் அமைத்தது. நாளும் நேரமும் தெரிந்தால் சூரியன் எங்கே நிற்கும் என்று கணக்கிட்டுவிடலாம். மேகம் எப்போது வரும் என்று கணக்கிட முடியாது. அதனால்தான் அங்கே டீசல் கொதிகலனும், மாத்ரிமந்திரில் வெயில் இல்லாத நேரத்துக்கு மின்விளக்கும் வைத்திருக்கிறார்கள். நிரல் கைவிடும் நேரத்துக்கு மாற்றுவழி முதலிலேயே யோசிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, புதுச்சேரியின் கோல்கொண்ட் விடுதி. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. வெளிச்சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். காற்று வேண்டுமா, நிழல் வேண்டுமா, சாரலை மறைக்க வேண்டுமா, தங்கியிருப்பவரே திருப்பிக்கொள்ளலாம். சென்சாரும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். எதையும் தானியங்கியாக்கும் முன், ‘இதைக் கையால் செய்தால் என்ன?’ என்று ஒருமுறை கேட்டுப்பார்க்க அது நினைவூட்டும்.

எப்படி அமைக்கிறார்கள்?

நல்ல வேலைக்காரர்கள் கம்பி இழுப்பதற்கு முன் இரண்டு தாள்களை எழுதுவார்கள்.

முதல் தாள், புள்ளிப் பட்டியல். எதை அளக்கப்போகிறோம், எதை இயக்கப்போகிறோம் என்று ஒவ்வொன்றாக எழுதுவது: சம்ப் மட்டம், மேல்தொட்டி மட்டம், மோட்டார் ஓடுகிறதா, மின்னழுத்தம், மோட்டாருக்கான ஆணை. மட்டத்தை அளக்கும் சென்சார்கள் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் அனுப்பும். காலித் தொட்டிக்கு 0 இல்லாமல் 4 வைத்ததற்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் 0 வரும். தொட்டி காலியானால் 4 வரும். இரண்டையும் பிரித்தறிய முடியாவிட்டால், எலி கடித்த கம்பியை நம்பி மோட்டார் இரவெல்லாம் ஓடும். உப்புக்காற்றில் முனைகள் துருப்பிடிக்கும் நம் ஊரில் இது முக்கியம்.

இரண்டாம் தாள், செயல்வரிசை. சாதாரணத் தமிழில் எழுதக்கூடிய விதிகள்தான். உதாரணமாக:

1. மேல்தொட்டி 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டாரைப் போடு. 90 தொட்டால் நிறுத்து. (ஒரே எண்ணை வைத்தால் மோட்டார் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று கெட்டுப்போகும். அதனால்தான் இடைவெளி.)
2. சம்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் மோட்டாரைப் போடாதே.
3. மின்சாரம் வந்ததும் உடனே ஓடாதே; சில நிமிடம் பொறு.
4. சென்சார் பொருளற்ற எண் காட்டினால் நிறுத்திவிட்டு அலாரம் கொடு.

இந்தத் தாளைப் படித்துத்தான் நிரலாளர் ஏணிப்படமோ கட்டப்படமோ வரைகிறார். வேலை முடிந்தபின் ஒவ்வொரு விதியையும் நம் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். சம்பைக் காலி செய்து பாருங்கள். கம்பியைக் கழற்றிப் பாருங்கள். சோதிக்காத விதி, எழுதாத விதி.

நமக்கு மட்டும் வேண்டிய ஐந்தாவது விதி

மேலே உள்ள நான்கு விதிகளும் எந்த ஊருக்கும் பொருந்தும். நமக்கு இன்னொன்று வேண்டும்.

கடற்கரை மண்ணுக்குள் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. இதை நெதர்லாந்தின் பாடன் கெய்பன் 1888இலும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பர்க் 1901இலும் கணக்கிட்டுக் காட்டினார்கள். திறந்த மணல் அடுக்கில், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். தலைகீழாகச் சொன்னால், நிலத்தடி நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், உப்பு எல்லை காலப்போக்கில் 40 மீட்டர் வரை ஏறி வரலாம். ஆழமான, மூடிய அடுக்குகளில் கணக்கு மாறும். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு வரும் என்பது மாறாது.

மிதவை சுவிட்சுக்கு இது தெரியாது. தொட்டி நிறையும்வரை இறைப்பதுதான் அதன் விதி. முன்பு மோட்டார் போடுபவர் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, ‘இன்னிக்குத் தண்ணி கரிக்குது’ என்பார். அவர் இடத்தில் கருவியை வைக்கும்போது அவருடைய நாக்கையும் சேர்த்து வைக்க வேண்டும். அதாவது, நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சென்சார். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. நம் ஐந்தாவது விதி இப்படி இருக்கட்டும்: ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இறைக்காதே, உப்பு அளவு ஏறிக்கொண்டே போனால் நிறுத்து, சங்கத்துக்குச் செய்தி அனுப்பு. எத்தனை மணி, எந்த அளவு என்பதை நிறுவனம் முடிவு செய்யக் கூடாது. பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். அந்த உப்பு எண்ணைத் தினமும் பதிவு செய்து வந்தாலே சில ஆண்டுகளில் நம் போர்வெல்லின் வரலாறு நம் கையில் இருக்கும்.

கையும் சாவியும்

பேக்நெட்டை எழுதியவர்கள் ஆணைகளுக்கு 16 படிகள் வைத்தார்கள். முதல் படி, உயிர்காக்க மனிதர் கையால் தரும் ஆணை. எட்டாவது, இயக்குபவரின் கையாணை. அன்றாட நிரல் பெரும்பாலும் அதற்கும் கீழே. ஆக, இயக்குபவரின் கை அன்றாட நிரலை வெல்லும். இதில் ஒரு பொறியும் உண்டு. யாரோ ஒருநாள் கையாணை கொடுத்துவிட்டு விடுவிக்க மறந்தால், நிரல் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே கையாணைக்கு ஒரு பதிவேடு வேண்டும்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் இங்கே மின்சாரம் இல்லாமல் கழிந்த நாட்களைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் நினைவு இன்னும் பசுமை. இணையம் இல்லாதபோதும் மோட்டாரைப் பலகையிலேயே கையால் இயக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

கடவுச்சொல்லும் அப்படித்தான். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடப்பட்டது. திருடர்கள் நுழைந்தது, குளிரூட்டும் வேலை பார்த்த ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல் வழியாக.

எனவே, பணம் கொடுப்பதற்கு முன் சங்கத்தின் கைக்கு வர வேண்டியவை: புள்ளிப் பட்டியல், தமிழில் எழுதிய செயல்வரிசை, நிரலின் மூலப் பிரதி, வயரிங் வரைபடம், எல்லாக் கடவுச்சொற்களும். இவை நம் அலமாரியில் இருந்தால் நிறுவனம் மாறலாம், செயலாளர் மாறலாம், கருவியும் மாறலாம். தண்ணீருக்கான விதி நம்முடையதாகவே இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது, நம் மோட்டாருக்கு நீங்கள் எழுத விரும்பும் ஒரு விதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.