நாலணா உறுப்பினரும் சைக்கிள் சின்னமும்

1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்குப் போட்டி. ஒரு பக்கம் காமராஜர். அவருக்குப் பின்னால் சத்தியமூர்த்தி. மறுபக்கம் கோவை சி.பி. சுப்பையா, அவருக்குப் பின்னால் ராஜாஜி. எண்ணிப் பார்த்தால் 103க்கு 100. மூன்றே ஓட்டில் மாகாணக் காங்கிரஸ் ராஜாஜியின் கையைவிட்டுப் போனது. 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் இடம் கிடைக்காதபோதே சத்தியமூர்த்தி கோபித்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம். அவர் போகவில்லை. தன் சீடரைத் தலைவராக்கி, அவருக்குக் கீழே செயலாளராக உட்கார்ந்தார்.

நான் கும்பகோணத்தில் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன். எல்லாக் கட்சிக்கும் எழுதியிருக்கிறேன். எங்கள் வீடு காங்கிரஸ் வீடு. "பிடிக்கலேன்னா வேற கட்சிக்குப் போட்டுட்டுப் போங்கண்ணே, எதுக்கு உள்ளயே இருந்து பொலம்பறீங்க?" என்று கூட வேலைக்கு வரும் பையன்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்று ஓட்டுக் கதையைத்தான். உள்ளே நின்று சண்டை போடவேண்டுமானால், முதலில் உள்ளே ஒரு ஓட்டுப்பெட்டி இருக்கவேண்டும்.

காங்கிரசுக்கு அந்தப் பெட்டியை முறையாகக் கொண்டுவந்தது 1920 நாகபுரி மாநாடு. காந்தி முன்னின்று செய்த புது விதிகள். நாலணா சந்தா கட்டியவர் எல்லாரும் உறுப்பினர். மொழிவாரியாக மாகாணக் கமிட்டிகள். கிராமத்தில் தொடங்கி தாலுகா, ஜில்லா, மாகாணம் என்று படிப்படியாகத் தேர்தல். வக்கீல்களும் மிராசுதார்களும் கூடிப் பேசிக் கலைந்த சபையில் சந்தை வியாபாரியும் நெசவாளியும் கை தூக்கலாம் என்று ஆயிற்று. எங்கள் அப்பா காசுக்கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதினார். சந்தா ரசீதுகளைப் பூஜை அலமாரியில் வைத்திருப்பார். 'நாலணா மெம்பர்' என்று யாராவது கேலி செய்தால் அவருக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும்.

பெட்டி இருந்தும் அது திறக்காமல் போன கதை ஒன்றும் உண்டு. மாகாணக் காங்கிரசில் செயலாளராகவும் தலைவராகவும் இருந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை மாநாடு மாநாடாகக் கொண்டுவந்து பார்த்தார். திருநெல்வேலி, தஞ்சாவூர், திருப்பூர், சேலம் என்று ஊர்தான் மாறியது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டுக்குத் தலைமை திரு.வி.க. தீர்மானத்துக்கு அவர் அனுமதி தரவில்லை. பெரியார் அங்கிருந்தே வெளியேறினார். ஓட்டில் தோற்று அவர் போகவில்லை. ஓட்டுக்கே விடாததால் போனார். இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

போனவர் திரும்பவில்லை. 1951இல் வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றம் செல்லாதென்றபோது தமிழ்நாடு கொதித்தது. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் அதற்கு வழி செய்து கொடுத்தது நேருவின் காங்கிரஸ் அரசு. பெரியார் உள்ளே இருந்தபோது காங்கிரஸ் காது கொடுக்காத கோரிக்கைக்காக, அவர் வெளியே நின்றபோது சட்டத்தையே திருத்தியது. கட்சியைத் திருத்தக் கட்சிக்குள்தான் இருக்கவேண்டும் என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கவேண்டும்.

1969இல் கட்சி இரண்டாக உடைந்தபோது எங்கள் வீட்டில் குழப்பமே இல்லை. காமராஜர் எங்கேயோ அங்கே. இரட்டைக் காளைச் சின்னம் முடங்கிப்போனது. காமராஜர் இருந்த பழைய காங்கிரசுக்கு ராட்டை நூற்கும் பெண், இந்திரா காங்கிரசுக்குப் பசுவும் கன்றும். 1971 சட்டமன்றத் தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை, அத்தனையும் தி.மு.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. ஆக, 'அதிகாரபூர்வ' கட்சியில் தங்கியவனுக்குச் சட்டசபைக்குக் குத்துவதற்குச் சின்னமே இல்லை. அப்பா ராட்டைக்குப் போட்டார். மக்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கட்சியில் ஜெயித்தவர் நாகர்கோவிலில் காமராஜர் ஒருவரே. அவர் மறைந்த மறு வருஷம், 1976இல், மூப்பனார் தலைமையில் பெரும்பகுதி இந்திரா காங்கிரசோடு இணைந்தது. 1977இல் என் முதல் ஓட்டு பசுவும் கன்றும்.

இணைந்த வீட்டில் பெட்டி இல்லை. 1972க்குப் பிறகு இருபது வருஷம் காங்கிரசில் உட்கட்சித் தேர்தலே நடக்கவில்லை. மாநிலத் தலைவர் யார் என்பது டெல்லியிலிருந்து வரும். பழைய தலைவர் பெயரைச் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவது எங்கள் வேலை. 1992இல் திருப்பதியில் ஒருவழியாகக் காரியக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. பெண்களோ தாழ்த்தப்பட்டவர்களோ யாரும் ஜெயிக்கவில்லை என்று காரணம் காட்டி, ஜெயித்தவர்களை ராஜினாமா செய்யவைத்தார் அன்றைய கட்சித் தலைவர் நரசிம்மராவ். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். அதற்கு மருந்து இடஒதுக்கீடு செய்து மறுதேர்தல் நடத்துவது. நடந்தது நியமனம்.

அதனால்தான் 1996இல் நடந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அ.தி.மு.க.வோடு கூட்டணி வேண்டாம் என்று தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். டெல்லி தன் முடிவைச் சொல்லிவிட்டது. தேர்தலுக்குச் சில வாரம் இருக்கையில் மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். சின்னம் சைக்கிள். காங்கிரசின் கைச் சின்னத்தை வரைவது சுலபம். சைக்கிள் பிராணனை வாங்கும். சக்கரத்துக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் போட்டோம். கம்பிகளில் பாதியை விட்டுவிட்டோம்; ராத்திரி முழுக்க எழுதினாலும் சுவர் மிச்சம் இருந்தது. எங்கள் ஊரில் பாராளுமன்றத்துக்குச் சைக்கிள், சட்டசபைக்கு உதயசூரியன். 1967 முதல் எந்தச் சின்னத்தை எதிர்த்து அப்பா தெருத்தெருவாக அலைந்தாரோ, அதில் நான் முத்திரை குத்தினேன். அன்றைக்கு அது வலித்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. த.மா.கா. நின்ற 20 மக்களவைத் தொகுதியிலும் ஜெயித்தது, சட்டமன்றத்தில் 39. தாய்க் காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் ஒரு இடமும் இல்லை. கும்பகோணம் அடங்கிய எங்கள் மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில் 1991இல் ஜெயித்த மணிசங்கர் ஐயரும் தோற்றார். இருபது வருஷம் உள்ளே இருந்து எழுதிய கடிதங்கள் செய்யாததை ஒரு நாள் ஓட்டு செய்தது.

அதற்கப்புறம்தான் பாடம். 1998இல் மூன்று இடம், 1999இல் பூஜ்யம். 2001இல் அதே த.மா.கா., யாரோடு சேரமாட்டோம் என்று பிறந்ததோ அந்த அ.தி.மு.க. கூட்டணியிலேயே நின்று 23 இடம் வாங்கியது. தி.மு.க. பா.ஜ.க.வோடு போய்விட்டது, வேறு வழியில்லை என்றார்கள். அந்த ஆகஸ்டில் மூப்பனார் மறைந்தார். மகன் வாசன் தலைவரானார். 2002இல் கட்சி மறுபடி காங்கிரசில் கரைந்தது. சைக்கிளுக்குப் போட்ட எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வெளியே கட்டிய வீட்டிலும் ஓட்டுப்பெட்டி வைக்க மறந்திருந்தோம்.

விசுவாசம், துரோகம் என்கிற பெரிய வார்த்தைகளை நான் நம்புவதில்லை. நாலணா கட்டினவனுக்கு ஓட்டு உண்டா, இல்லையா? அவ்வளவுதான். உங்கள் கட்சியின் மேல் கசப்பு வந்தால் முதலில் விசாரியுங்கள்: உங்கள் வட்டாரத் தலைவரைக் கடைசியாக எப்போது, யார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்? பதில் கிடைத்தால் சந்தாவைக் கட்டி உள்ளே நில்லுங்கள். மூன்று ஓட்டு போதும். பதில் இல்லையென்றால் தயங்காமல் வெளியே வாருங்கள். போய்ச் சேருகிற இடத்தில் மாலை வாங்கிக்கொள்வதற்கு முன் அதே கேள்வியைக் கேளுங்கள்.