பெட்டியில் ஏறாத பூப்பனி

கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியானது. ஹெதர்செட் என்பது இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். தோட்டத்து மக்கள் சொன்ன பெயரோ 'பூப்பனி'. தோட்டத்தின் முதல் துரை பிளவர்டியூ. பூ, பனி என்று அவர் பெயரையே தமிழாக்கிவிட்டார்கள். (மலையகத்தாரை எழுத்தறியாதோர் என்று மட்டும் எழுதுவோர் இதனையும் கவனிக்கலாம்.)

ஏலத்துக்குச் சென்ற மரப்பெட்டிகளில் பதிந்தது ஆங்கிலப் பெயரே. எழுத்து வடிவில் வெட்டிய தகட்டின் மேல் மை தடவுவர். 'ஓ' போன்ற மூடிய வட்டத்தை முழுதாக வெட்டினால் நடுப்பகுதி உதிர்ந்துவிடும். ஆகவே இடையே சிறு பாலம் விடுவர். தடித்த தண்டும் மெல்லிய இழையும் முனைகளில் குறுங்கோடும் கொண்ட செரிஃப் எழுத்தில், அந்தப் பாலம் மெல்லிய இடத்தில் அமைகையில் உடைவே அலங்காரமாகிவிடும். சரக்குப் பெட்டிகளின் இவ்வழக்கைத்தான் 1937இல் அமெரிக்காவில் ஜெரி பவல் 'ஸ்டென்சில்' என்னும் அச்செழுத்தாக்கினார். பெரிய எழுத்துகள் மட்டுமே. இராணுவத் தோற்றம் வேண்டும் சுவரொட்டிகளில் இன்றும் அதனைக் காணலாம்.

தமிழ் தகட்டுக்கு ஒவ்வாத எழுத்தன்று. 'ப' மூடாத எழுத்து, பாலமே வேண்டாம். 'ன'வின் சுழிக்கு ஒன்று போதும். லண்டனில் வாங்கியவருக்குத் தமிழ் தேவைப்படவில்லை. கொழுந்து பறித்தவர்களின் பெயர் வாய்மொழியாகவே நின்றது.