தோட்டத்து வாத்தியார்

நம் தோட்டப்புறங்களின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால் காடழித்தவர்களைச் சொல்கிறோம். கித்தா மரம் நட்டுப் பால்வெட்டியவர்களைச் சொல்கிறோம். ஆள்கட்டி வந்த கங்காணிகளையும் பங்களாவில் இருந்த துரைமார்களையும் சொல்கிறோம். இந்த வரிசையில் விடுபட்டுப்போகிற ஒருவர் உண்டு. அவர்தாம் தோட்டத்து வாத்தியார். இன்று அவரைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கதை பினாங்கில் தொடங்குகிறது. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் திறக்கப்பட்டது. அப்பள்ளியோடு சேர்த்துத் தமிழ் வகுப்பு ஒன்றும் நடந்தது. இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதையே கொள்கிறோம். 2016இல் அதன் இருநூறாம் ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பட்டது. ஆனால் அந்த வகுப்பு பட்டணத்தில் நடந்தது. நீண்ட நாள் நிலைக்கவும் இல்லை. கடலுக்கு அக்கரையில், இன்று செபராங் பிறை என்று வழங்கும் நிலப்பகுதியில், கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களின் பிள்ளைகளுக்கு எழுத்து எட்டாத பொருளாகவே இருந்தது.

கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் தனி ஆட்களாக அல்லாமல் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். லயங்களில் பிள்ளைகள் பெருகினர். அண்டைய பேராக் முதலிய ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் தொழிற்சட்டமும், பின்னர் 1923ஆம் ஆண்டின் தொழிற்சட்டமும் தோட்டப் பள்ளிகளுக்கு வழிசெய்தன. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்பது விதி.

பள்ளி வேண்டும் என்று சட்டம் சொன்னதே தவிர, அங்கே யார் கற்பிப்பது என்பதில் தொடக்கக் காலத்தில் எவரும் அதிகம் கவலைப்படவில்லை. நாலெழுத்துத் தெரிந்த கங்காணி ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்னார். ஓரிடத்தில் கிராணி சொன்னார். வேறோரிடத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொன்னார். பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகை, அல்லது லயத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறை. நிர்வாகத்தின் கணக்கில் பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளையின் கையில் கல்வி இருந்ததா என்பது வேறு கேள்வி.

இதற்குப் பின்னர்தான் முழுநேர வாத்தியார்கள் வந்தனர். பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த 'ரஜூலா' கப்பலை நம் பெரியவர்கள் அறிவார்கள். இந்நாட்டிலேயே ஏழாம் வகுப்பு வரை தமிழ் படித்து, சனி ஞாயிறுகளில் பயிற்சி வகுப்புக்குப் போய் ஆசிரியரானவர்களும் உண்டு.

அப்படி வந்த ஒருவரின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். பெரிய சாலையிலிருந்து உள்ளே மைல் கணக்கில் செம்மண் பாதை. இருபுறமும் நிரை நிரையாகக் கித்தா மரங்கள். செபராங் பிறையின் தென்பகுதியில் பத்து காவானைப் போல ஆறுகள் சூழ்ந்த இடங்களும் இருந்தன. பாலம் வருமுன் அங்கே போகப் படகு வேண்டும். பேச்சுத் துணைக்கு இன்னோர் ஆசிரியர் இல்லை. ஒரே கூடத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை. ஒரு வரிசை சிலேட்டில் 'அ' எழுதும். அடுத்த வரிசை வாய்பாடு சொல்லும். மூன்றாம் வரிசை பாடம் வாசிக்கும். நான்கையும் ஒருவரே கவனிக்க வேண்டும்.

விடியுமுன் பெரட்டு. பெற்றோர் இருவரும் வேலைக்காட்டுக்குப் போய்விடுவர். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். அங்கே விட முடியாத தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்காள் பள்ளிக்கு வருவாள். இல்லாவிட்டால் வரவே மாட்டாள். பத்து வயதுப் பையன் தாயோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போய்விடுவான். அரசாங்க உதவித்தொகையோ வருகையையும் தேர்ச்சியையும் பார்த்துத் தரப்பட்டது. ஆகவே வாத்தியார் லயம் லயமாக நடந்து, "அண்ணே, பிள்ளையை அனுப்பிவையுங்கள், அக்கா, பெண்ணையும் அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டியிருந்தது. அவர் பிறர் பிள்ளைகளுக்காகக் கையேந்தினார் என்று சொன்னால் மிகையாகாது.

பள்ளி விட்டாலும் அவர் வேலை ஓயவில்லை. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமா? வாத்தியார். வந்த கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டுமா? வாத்தியார். கோயில் திருவிழாவுக்குக் கணக்கு, நாடகத்துக்குப் பாட்டு, கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எல்லாம் அவரிடம்தான். 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' ஆகிய ஏடுகள் தோட்டத்துக்கு வந்தால், அவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டனர். 1950ஆம் ஆண்டு 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பு இந்நாட்டில் பல எழுத்தாளர்களை உருவாக்கியது. அந்தத் தலைமுறை எழுத்தாளர்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கணிசமானவர்கள்.

இத்தனை மதிப்பு இருந்தும் அவர் நிலை உறுதியானதா? இல்லை. இதுதான் நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி. அவருக்கு வேலை கொடுத்தது தோட்ட நிர்வாகம். வீடு கொடுத்ததும் அதுவே. தொழிலாளியின் குறையை அவர் எடுத்துப் பேசினால் வேலையும் போகும், வீடும் போகும். பேசாமல் இருந்தாலோ, மனுவெழுதித் தரும்படி கேட்டு வந்தவரின் முகத்தைப் பார்க்க முடியாது. லயத்துக்கும் பங்களாவுக்கும் இடையில் அவர் நின்றார். சிலர் அஞ்சி ஒதுங்கினர். சிலர் இரவில் விளக்கை மறைத்துவைத்து மனு எழுதிக் கொடுத்தனர். இரு வகையினரையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

தொழிலாளர்கள் கல்வியை எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் கூலியோடு நிற்கவில்லை. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். கூலி, மானம், கல்வி ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் வைத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பலரைக் கொண்ட ஒரு கூட்டம்!

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். பல பள்ளிகள் மூடப்பட்டன. சயாம் ரயில்பாதைக்குப் போன தோட்டத்து மக்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. போர் ஓய்ந்தபின், மிஞ்சிய பிள்ளைகளைக் கூட்டி மீண்டும் பள்ளியைத் திறந்தவர்களும் இந்த வாத்தியார்களே.

1957இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டின் கல்விச் சட்டத்தால் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. அப்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகளும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களும் இருந்ததாகக் கணக்கு. ஆசிரியரின் ஊதியம் படிப்படியாக அரசின் பொறுப்பாயிற்று. சம்பளம் துரையின் கையைவிட்டுப் போனபோது, வாத்தியாரின் முதுகும் நிமிர்ந்தது. ஆனாலும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்ததால், பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றன. ஒழுகும் கூரையை யார் மாற்றுவது என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது.

இங்கே வேறு ஒரு நாட்டையும் பார்ப்போம். கனடாவின் வடகோடியில், பனிப் பாலையில், இனுயிட் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். 1950களில் அரசு அங்கே பள்ளிகளைத் திறந்தபோது, ஆசிரியர்கள் தெற்கிலிருந்து வந்தார்கள். அவர்களும் ஒதுங்கிய ஊரில் தனியாக இருந்தவர்களே. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளின் மொழியை அறியாதவர்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. தாய்மொழியைப் பள்ளிக்குள் கொண்டுவர அம்மக்கள் பின்னாளில் பெரிதும் போராட வேண்டியிருந்தது. நம் தோட்டத்துப் பள்ளியில் வறுமை இருந்தது, தனிமை இருந்தது. ஆயினும் வாத்தியார் பேசியது வீட்டில் அம்மா பேசிய மொழி. நமக்கு இருந்த குறை வேறு. நம் பள்ளி வாசல் மீண்டும் வேலைக்காட்டை நோக்கியே திறந்தது. ஆறாம் வகுப்புக்குமேல் போவதற்குப் பாதை குறுகலாக இருந்தது. அந்தக் குறுகிய பாதையில் ஒரு பிள்ளையையாவது ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்பதே நல்ல வாத்தியாரின் கவலை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புகளும் தொழிற்சாலைகளும் வந்தன. பள்ளிகள் பல மூடப்பட்டன, சில இடம் பெயர்ந்தன. இன்று நாட்டில் ஏறக்குறைய 530 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பினாங்கு மாநிலத்தில் 28. பத்து காவான், பைராம், மலாக்கோப், வால்டோர், சங்காட் ஆகிய பெயர்களுக்கு முன்னால் 'தோட்டம்' என்ற சொல் இன்றும் பெயர்ப்பலகையில் நிற்கிறது. மரங்கள் போனாலும் பெயர் போகவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பள்ளிப் படம் ஒன்று இருக்கக்கூடும். நடுவில் கோட்டு அணிந்து அமர்ந்திருப்பவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர் பெயரை, தோட்டத்தின் பெயரை, ஆண்டைப் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள். துரைமார்களின் பெயர்கள் கம்பெனிக் கணக்கில் இருக்கின்றன. வாத்தியாரின் பெயரோ படித்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்த நினைவு உள்ளவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வது நம் கடமை.