மாடப்புறாவும் ரேஷன் கடை யானையும்

உங்கள் வீட்டு ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜோடி புறா குடித்தனம் நடத்துகிறதா? அப்படியானால் எல்லா வைத்தியமும் உங்களுக்கு அத்துப்படியாகியிருக்கும். பழைய சி.டி.யைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்தாயிற்று. (நாலாம் நாள் அந்த ஆந்தையின் தலை மேலேயே புறா உட்கார்ந்து முனகியிருக்குமே!) துடைப்பத்தை ஓங்கினால் எதிர் வீட்டு மொட்டை மாடி வரை போகும். நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும்.

கவலைப்படாதீர்கள். பெரிய பெரிய நகரங்களும் அரசாங்கங்களும் இதையேதான் செய்து பார்த்தன, தோற்றன. அந்தத் தோல்வியின் சரித்திரம் ரொம்ப சுவாரஸ்யமானது. புறாவில் ஆரம்பித்து, நம் கோவை மாவட்டத்து வால்பாறையில் போய் நிற்கப் போகிறோம். அங்கே வீடு தேடி வருவது புறா இல்லை, யானை!

முதலில், புறா ஏன் உங்கள் வீட்டுக்கு வந்தது? நகரத்துப் புறாவின் மூதாதை, மலைப்பாறை இடுக்கிலும் கடலோரப் பாறைப் பொந்திலும் முட்டையிட்ட பறவை. மரக்கிளையில் கூடு கட்டுவது அதற்குப் பழக்கமில்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் மனிதன் அதைப் பிடித்து வளர்த்தான்... கறிக்காக, தூதுக்காக, பந்தயத்துக்காக. தப்பித்ததும் கைவிடப்பட்டதுமாக ஊருக்குள்ளேயே தங்கிவிட்ட கூட்டம்தான் இன்றைக்கு நாம் பார்ப்பது. அதன் கண்ணுக்குக் கோயில் கோபுரமும் ரயில்வே ஸ்டேஷனும் பத்து மாடி அப்பார்ட்மென்ட்டும் பாறைதான். ஏ.சி. பெட்டியின் பின்பக்கம் முதல் தரமான பொந்து! நம் ஆட்கள் இதை என்றைக்கோ கவனித்து 'மாடப்புறா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நமக்கு இதில் ஒரு பரம்பரைச் சங்கடம் வேறு. பருந்துக்குப் பயந்து மடியில் விழுந்த புறாவுக்காகத் தன் தொடைச் சதையையே அறுத்துத் தராசில் வைத்த சிபிச் சக்கரவர்த்தியைத் தங்கள் குலத்து முன்னோர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள் சோழர்கள். அப்பேர்ப்பட்ட நாட்டில் கம்பெடுத்துப் புறாவை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அங்கே பாசெல் நகரத்தில் 1961 முதல் 1985 வரை, பிடித்தும் சுட்டும் சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். ஊரில் இருந்த புறாக்கள் மொத்தமே சுமார் 20,000. அதாவது, இருப்பைப் போல ஐந்து மடங்கு செலவு எழுதியாயிற்று. கடைசியில் கையிருப்பு எவ்வளவு தெரியுமா? அதே 20,000! பி.காம். படித்த யாரும் இந்த ஐந்தொகையில் கையெழுத்துப் போட மாட்டார்கள். வரவுப் பக்கத்தில் எதையோ எழுத விட்டிருக்கிறார்கள் என்று கணக்குப்பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

விட்டுப்போன வரவு என்ன? தீனி. ஒரு ஊரில் எத்தனை புறா இருக்கும் என்பதைத் துப்பாக்கி தீர்மானிப்பதில்லை, அங்கே சிந்துகிற தானியமும் ரொட்டித் துண்டும்தான் தீர்மானிக்கின்றன. ஒரு ஜோடி ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். பதினெட்டு நாள் போல அடைகாக்கும். வருஷத்துக்குப் பல ஈடு. சாதாரணமாக இந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பசியிலேயே செத்துப்போகும். பெரியவர்களைச் சுட்டுக் காலி செய்தால் இவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்!

1988-ல் பாசெல் வேறு வழிக்கு வந்தது. 'தயவுசெய்து தீனி போடாதீர்கள், நீங்கள் போடுவது புறாவுக்கும் நல்லதில்லை' என்று ஊர் முழுக்கப் பிரசாரம். கூடவே நகராட்சியே சில புறாக்கூண்டுகளை அமைத்து, அங்கே இடுகிற முட்டைகளை எடுத்துவிட்டது. ஐம்பது மாதத்தில் புறாக்கள் பாதியாகக் குறைந்தன. உங்கள் பால்கனிக்கும் இதே சூத்திரம்தான். தீனியை நிறுத்துங்கள். பொந்தை வலை போட்டு அடையுங்கள் (உள்ளே குஞ்சு இல்லை என்று பார்த்துவிட்டு!). காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காமல், தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டிக்கொண்டு அள்ளுங்கள். அந்தத் தூசி சிலருக்கு நுரையீரல் நோயே கொண்டுவரும்.

சொல்வது சுலபம். 2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு, மும்பையில் உள்ள 51 கபூதர்கானாக்களை மூடச் சொன்னது. புறாவுக்குத் தானியம் போடுவதற்கென்றே நடுத்தெருவில் உள்ள இடங்கள் அவை. தாதரில் போட்ட தார்ப்பாயைக் கூட்டம் வந்து பிய்த்து எறிந்தது. ஜீவகாருண்யம் ஒரு பக்கம், மூச்சுத்திணறல் மறுபக்கம் என்று விவகாரம் ஹைகோர்ட் வரை போனது. தீனியை நிறுத்துவது, தீனி போடுகிற மனிதனின் மனசோடு சண்டை போடுவது. புறாவை விரட்டுவதைவிட அது கஷ்டம்.

சரி, இப்போது பொள்ளாச்சியில் பஸ் ஏறுவோம். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் சுற்றிலும் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி டீ. பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கம்பளத்துக்கு அடியில் இருந்தது காடு. 19-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் காப்பி போட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1890-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரிய அளவில் இறங்கினார்கள். கார்வர் மார்ஷ் என்ற துரைக்குப் போகிற வழியில் சிலையே இருக்கிறது. சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஏழை ஜனம் அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் வெட்டித் திருத்திய காடு அது. அவர்களுக்குச் சிலை இல்லை, லைன் வீடுதான்.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலம் தோட்டமானது. சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள் அப்படியே நின்றன. மலையின் பெயரிலேயே ஆனை இருக்கிறது, பட்டா யார் பேருக்கு மாறினாலும்! இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போகிற யானைக்கு நடுவில் இருப்பது எஸ்டேட் என்று யார் சொல்வது? பகலில் நடுஆறு, சோலையாறு ஓரம் மிஞ்சியிருக்கிற மரக்கூட்டத்திலும் சோலைத் துண்டுகளிலும் நிற்கும். இருட்டியதும் டீக்காடு வழியாக நடக்கும். ஆக, யானை ஊருக்குள் வரவில்லை. ஊர்தான் யானையின் வழியில் இருக்கிறது.

ஆனால் வழியில் போகிற யானை கதவை ஏன் உடைக்கிறது? இங்கேதான் பாசெல் கணக்கு திரும்பி வருகிறது. வால்பாறையில் யானை இடித்த கட்டடங்களின் பட்டியலைப் பார்த்தால், திரும்பத் திரும்ப வருவது ரேஷன் கடை, சத்துணவு மையம், சமையலறை. அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை! டீ இலையை யானை தின்னாது. ஆயிரக்கணக்கான ஏக்கர் டீக்கு நடுவில், மூக்கால் உலகத்தைப் படிக்கிற பிராணிக்கு மூட்டை அரிசியின் வாசம் எப்படி இருக்கும்? நமக்குப் பிரியாணிக் கடை மாதிரி.

மக்கள் என்ன செய்தார்கள்? நாம் துடைப்பம் எடுத்த மாதிரி அவர்கள் பட்டாசு எடுத்தார்கள். டின்னைத் தட்டினார்கள். வனத்துறை ஜீப்பில் வந்து விரட்டியது. விரட்டிய யானை எங்கே போகும்? பக்கத்து எஸ்டேட்டுக்கு. மிரண்ட கூட்டம் சிதறி, குட்டியைத் தேடிக்கொண்டு ரோட்டில் நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கடைசி பஸ்ஸில் இறங்கி, மளிகைப் பையோடு லைன் வீட்டுக்கு நடந்து வருவார் ஒரு தொழிலாளி. 1994-க்குப் பிறகான இருபது வருஷத்தில் வால்பாறையில் யானையால் இறந்தவர்கள் சுமார் 40 பேர். பெரும்பாலான சாவுகளில் ஒரே காரணம்தான் - முன்னால் யானை நிற்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆனந்த குமாரும் அவரது குழுவினரும் 2002 வாக்கில் தொடங்கி யானைகளின் பின்னாலேயே அலைந்து கண்டுபிடித்த விஷயம் இது. அதிலிருந்து கிடைத்த வைத்தியம் ரொம்ப எளிமையானது. விரட்டாதே, எங்கே நிற்கிறது என்று சொல்! முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் சினிமாப் பாட்டுக்குக் கீழே ஓடும் எழுத்தில், 'இன்ன எஸ்டேட்டில் இன்ன இடத்தில் யானைகள்' என்று சேதி. 2011 முதல் எஸ்.எம்.எஸ். பிறகு சந்திப்புகளில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்குகள். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் யானை நின்றால் விளக்கு எரியும். அதை எரிய வைக்கப் பெரிய கன்ட்ரோல் ரூம் எல்லாம் கிடையாது. பதிவு செய்த உள்ளூர்க்காரர் செல்போனில் கூப்பிட்டால் போதும். பஸ்ஸிலும் அறிவிப்பு. 'ஏனுங்க, லைட் எரியுதுங்க' என்றால் எல்லாரும் கூட்டமாக இறங்குவார்கள், இல்லை அடுத்த நிறுத்தத்துக்குப் போவார்கள்.

சாவுகள் குறைந்தன. 2015-ல் ஆனந்த குமாருக்கு லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள். நம்மூர்ப் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பெரியவரை இப்படிச் சமாளித்த ஊருக்குச் சின்னவர் கொடுத்த தொல்லை தனி. புதுத்தோட்டம் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு துண்டுக் காட்டில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜாதி. மரத்தை விட்டு இறங்காது என்று புத்தகங்கள் சொல்லும். புதுத்தோட்டத்துக்காரர்களைக் கேளுங்கள்! ஓட்டைப் பிரித்து இறங்கி, முட்டை, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு போகும். கைவைத்தால் சட்டம் பாயும். முதல் பட்டியல் பிராணி. அங்கேயும் கடைசியில் வேலை செய்வது மூடிய குப்பைத் தொட்டியும் தாழ்ப்பாளும்தான். ரோட்டில் அடிபடாமல் கடக்க, இரண்டு பக்க மரத்தையும் இணைத்துத் தலைக்கு மேலே தொங்கு பாலங்கள் கட்டினார்கள். குரங்குகள் அதில் நடந்து போவதைக் காரை நிறுத்திப் பார்க்கலாம். பிஸ்கட் மட்டும் போடாதீர்கள்... நீங்கள் போட்டுவிட்டுக் கோவைக்குப் போய்விடுவீர்கள். அது நேரே லைன் வீட்டு அடுப்படிக்குப் போகும்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 ஜூனில் டீத்தோட்டத்தில் ஒரு குழந்தையைச் சிறுத்தை தூக்கிப் போனது. அதே வருஷம் அக்டோபரில் குடியிருப்புக்குள் வந்த யானை தாக்கி ஒரு பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். அவர்கள் இருந்தது ரோட்டில் இல்லை, வீட்டில். ரோட்டுக்குத்தான் சிவப்பு விளக்கு. நூறு வருஷப் பழைய லைன் வீட்டுச் சுவருக்கு என்ன செய்வது, யார் செலவில் செய்வது என்ற கேள்விக்கு எஸ்டேட் நிர்வாகங்களும் அரசும் பதில் சொல்லியாக வேண்டும். பழைய தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, இன்றைக்கு அந்த வீடுகளில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் குடியிருக்கிறார்கள். யானை நிற்கிற சேதி போனில் வருவது தமிழிலும் இங்கிலீஷிலும்.