ஆங்கிலக் கார்களும் நம் கரையோரமும்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் போதெல்லாம் எனக்கொரு பழக்கம். கொழும்பு வீதியும் கற்பிட்டி வீதியும் சேரும் அந்த இடத்தில், உப்பு மூட்டை ஏற்றிய லொறிகளுக்கும் ஜப்பான் வான்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவே ஏதாவதொரு பழைய ஆங்கிலக் கார் வருகிறதா என்று கண் தேடும். சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் பெரிய சேதமில்லை. மொரிஸ் மைனர் மூன்று, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒன்று, மரப்பலகை அடித்த பின்பக்கத்தோடு ஒரு லேண்ட் ரோவர். ஒரு காலத்தில் இந்த வீதியில் இவற்றைத் தவிர வேறு வண்டி இல்லை. இப்போது ஒன்றைக் கண்டால் பள்ளிப் பிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் மர்ஹூம் வாப்பாதான். அவரிடம் ஓர் ஒஸ்டின் ஏ 40 இருந்தது. சோமர்செட் என்பது அதன் பெயர். 1952 முதல் 1954 வரை மட்டுமே இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகை. 1,200 சீ.சீ. இஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் ஒரே நீள ஆசனம். அந்த நீள ஆசனம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. முன்னால் சாரதியோடு நால்வரும் பின்னால் ஐவரும் ஏறினால் ஹயர் கட்டும். கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில் எத்தனை பிள்ளைகள் அந்தப் பின் ஆசனத்தில் பிறந்தன என்பதை உம்மா விரல் மடித்துச் சொல்வார். மாப்பிள்ளை ஊர்வலம், மையித்துச் செய்தி சொல்லப் போவது, கொழும்புப் பெரியாஸ்பத்திரி எல்லாமே அந்தக் காரில்தான்.

எந்தக் காலத்துக் கார் என்பதை வண்டியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், இலக்கத் தகட்டைப் பார்த்தால் போதும். இதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். சிலோன் என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைப் பிய்த்து எடுத்து, சீ.என்., சீ.வை., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று இரண்டிரண்டாகச் சேர்த்துத் தகடு கொடுத்தது பழைய முறை. 1956 ஆட்சி மாற்றத்தின் பின்னர் அந்த எழுத்துக்கள் போய்ச் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. ஒற்றை எழுத்துத்தானே என்று இன்று தோன்றலாம். 1957 ஜனவரியில் தமிழ்ப் பகுதிகளில் அதற்கெதிரான இயக்கம் தொடங்கியது. 1958 இல், அப்போதுதான் அரசுடைமையாக்கப்பட்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் ஸ்ரீ எழுத்தோடு வடக்கே போனதும் தார்ச் சட்டிகள் வெளியே வந்தன. அங்கே சிங்கள எழுத்தின் மீது தார், பதிலுக்குத் தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, மே மாதத்தில் கலவரம். அக்காலத்தில் பாராளுமன்றத்தில் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் நமது புத்தளம் தொகுதியின் எச். எஸ். இஸ்மாயில் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மொழிச் சட்டத்தின் வரலாறு எழுதுவோர் ஹன்சாட்டைப் புரட்டுகிறார்கள். அதே வரலாறு கார்களின் முன்னும் பின்னும் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

வாப்பாவின் கார் ஈ.என். வகை. ஸ்ரீக்கு முந்தியது. அதனால் எந்தப் பக்கத்துத் தார்ச் சட்டிக்கும் அது தப்பியது என்று சொல்லிச் சிரிப்பார்.

மொரிஸ் மைனரின் கதை இன்னும் சுவையானது. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் இங்கிலாந்துக்காரர் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். 1906 இல் அவர் பிறந்தது உஸ்மானியப் பேரரசின் ஸ்மிர்னா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில். தந்தை கிரேக்க வம்சத்தவர், தாய் ஜெர்மானியர். 1922 இல் யுத்தம் நகரத்துக்குள் வந்தபோது குடும்பம் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி மோல்ட்டாத் தீவில் இறங்கியது. தந்தை அங்கேயே இறந்துபோனார். மகனும் தாயும் அடுத்த ஆண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். கப்பலில் அகதியாகப் போன அந்தப் பையன்தான் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பனி முதலாளியான நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் தோற்றம் பிடிக்கவேயில்லை. உடைத்து அவித்த முட்டை போலிருக்கிறது என்று முகம் சுளித்தாராம். அந்த முட்டை 16 இலட்சத்துக்கு மேல் விற்றது.

மைனரின் பொனட்டை உற்றுப் பாருங்கள், நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடும். கார் ஒடுக்கமாகப் போய்விட்டதென்று கடைசி நேரத்தில் இஸிகோனிஸ் மாதிரி வண்டியை நடுவால் வெட்டி, இரு பாதியையும் நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்ததன் அடையாளம் அது. காலத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. 1956 வரை வந்தவற்றில் முன்கண்ணாடி நடுவில் ஒரு சட்டத்தோடு இரண்டு துண்டாக இருக்கும். அதன்பின் வளைந்த ஒற்றைக் கண்ணாடி. 1961 வரையான வண்டிகளில் திரும்புவதற்கு விளக்குக் கிடையாது, கதவோரத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் சிறு கையொன்று நீளும். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்து இழுத்து உடைத்ததற்கு நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அது வேறொருவருடைய கார்.

இவை ஏன் இங்கே மட்டும் இத்தனை காலம் தாக்குப்பிடித்தன? அன்பினால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வேறு வழியில்லாததனால். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதியை அரசு இறுக்கியது. 1970 முதல் 1977 வரை புதுக் கார் என்பதைச் சாதாரண மனிதன் நினைத்தும் பார்க்க முடியாது. இருப்பதை ஓட்டவேண்டும், உடைந்ததை ஒட்டவேண்டும். மைனரின் இரண்டாம் தலைமுறையிலிருந்து அதற்குள் இருந்த இஞ்சினும் அதற்குத் துணை செய்தது. ஒஸ்டின் ஏ 30, ஏ 35, பிறகு மினி என்று ஒரே குடும்ப இஞ்சினை 1951 முதல் 2000 வரை அந்தக் கம்பனியும் அதன் வாரிசுகளும் செய்துகொண்டிருந்தன. ஆகவே ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்கு ஓரளவு பொருந்தியது. நாலு ஸ்பேனரும் பொறுமையும் உள்ள பாஸ் ஒருவர் வேப்ப மர நிழலில் அதைக் கழற்றிப் பூட்டிவிடுவார். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து ஜப்பான் கார்கள் இறங்கிய பிறகு பழையவை மெல்லக் கொல்லைப்புறம் போயின. ஆனால் மைனருக்கு நாம் பழகிய பழக்கம் எவ்வளவு தூரம் போனதென்றால், 1990களில் அதன் தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்!

கற்பிட்டியில் கார் வைத்திருப்பவனுக்குப் பெரிய பகைவன் பழுது அல்ல, காற்று. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. நடுவில் நாங்கள். உப்பு இரும்பைத் தின்னும் சத்தம் இரவில் கேட்கிறது என்பார் வாப்பா. கிழமைக்கொரு தடவை கிணற்று நீரால் காரின் அடிப்பாகத்தைக் கழுவிக் கழிவு எண்ணெய் பூசுவது எங்கள் வேலை. அப்படியும் சோமர்செட்டின் சட்டம் உக்கி, 1994 இல் ஒருநாள் நுரைச்சோலைக்கு அப்பால் பள்ளத்தில் விழுந்து நடுவால் வளைந்தது. பழைய இரும்புக்காரர் நிறுத்துப் பார்த்து எடுத்துப் போனார்.

அந்தக் காரின் வாழ்க்கையில் பெரிய நாட்கள் 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களும் அதற்கடுத்த மாதமும்தான். வட மாகாணத்து முஸ்லிம்கள் 75,000 பேர் அளவில் வெளியேற்றப்பட்ட காலம் அது. மன்னார்த் தீவு மக்கள், எருக்கலம்பிட்டியார் உட்பட, வள்ளங்களில் எங்கள் கரையில் வந்து இறங்கினார்கள். ஈரத் துணியோடு, பசியோடு, கைக்குழந்தைகளோடு. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்தன, தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. லொறிகளும் லேண்ட் மாஸ்டர்களும் இரவு பகலாக ஆட்களை ஏற்றின. (இந்த லேண்ட் மாஸ்டர் என்பதும் ஓர் ஆங்கிலேய இயந்திரத்தின் வியாபாரப் பெயர்தான். அந்த இயந்திரம் போய்விட்டது. ஜப்பானில் செய்ததையும் சீனாவில் செய்ததையும் நாம் இன்னும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறோம்.) நடக்க முடியாத முதியோரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த ஒரு மாதம் அவர் ஹயர்க் காசு வாங்கவில்லை. பெற்றோலுக்கு உம்மாவின் காப்பு போனது. அதைப் பற்றி இருவரும் பின்னர் பேசிக் கேட்டதில்லை.

யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 இல் கிடைத்தது இரண்டு மணி நேரம். அவர்களில் பலர் இரும்புக்கடை, லொறி, வாகன உதிரிப்பாக வியாபாரம் செய்தவர்கள். வண்டிகளை வைத்துப் பிழைத்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு வந்தார்கள். புத்தளம் தில்லையடியில் குடியேறிய அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் எனக்கு அயலவரானார். காக்கா என்றே அழைப்பேன். யாழ்ப்பாணத்தில் அவரிடம் 1954 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று இருந்தது. தகப்பனார் வாங்கியது. சாவியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தார். இலக்கத்தை வாய்ப்பாடு போலச் சொல்வார்.

அவர் வந்த பிறகுதான் அந்த வண்டிகளுக்கு மிகப் பெரிய சோதனை வந்தது. பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் போகவில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டத் தொடங்கினார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. ஆகவே காபரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு போத்தல் பெற்றோல் வைத்து, சில துளியில் இஞ்சினைக் கிளப்பிச் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றினால்தான் மறுநாள் கிளம்பும். அழுத்த விகிதம் குறைந்த பழைய ஆங்கில இஞ்சின்கள் இந்தக் கொடுமையைத் தாங்கின. புதிய ஜப்பான் இஞ்சின்கள் தட்டத் தொடங்கிவிடும். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் கோழிகள் அடைந்திருந்த மைனர்களும் ஏ 40களும் இப்படித்தான் மீண்டும் வீதிக்கு வந்தன. 2002 இல் கண்டி வீதி திறந்தபோது தெற்கிலிருந்து போனவர்கள் கண்டது நாற்பது, ஐம்பது வருடப் பழமையான கார்கள் ஓடும் ஒரு நகரத்தை. வியாபாரிகளும் போனார்கள், கார்கள் தெற்கே வரத் தொடங்கின.

அந்த ஆண்டிலிருந்து காக்கா ஒரு மைனரையும் பார்க்காமல் விடுவதில்லை. தொழுதுவிட்டு வரும்போது, சந்தையில், யாருடைய கலியாண வீட்டு வாசலிலாவது ஒன்று நின்றால் முதலில் பின்பக்கம் போய் இலக்கத்தைப் பார்ப்பார். பிறகுதான் ஸலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பழைய கார்களுக்கும் விலை ஏறியபோது, சிலாபம், மாரவிலப் பக்கத்திலிருந்து புதுப் பெயின்ட் அடித்த மைனர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பிட்டிக்கு உல்லாசமாக வரத் தொடங்கின. அவருக்கு வேலை கூடியது.

சென்ற வருடம் இருவரும் முச்சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தோம். மதுரங்குளிக்கு இப்பால் வீதியோரம் ஒரு பச்சை மைனர் பொனட்டைத் திறந்து நின்றது. காக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். சொந்தக்காரர் சிங்கள இளைஞர், நல்ல மனிதர். வவுனியாவில் ஒருவரிடம் வாங்கியதாம். இஞ்சினுக்குப் பின்னால் தகட்டுச் சுவரில் உபயோகமற்ற இரும்பு வளையம் ஒன்று ஆணியில் தொங்குவதைக் காட்டி, இது எதற்கென்று எந்த பாஸுக்கும் தெரியவில்லை என்றார். காக்கா சிறிது நேரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்றோல் போத்தல் வைக்கிற வளையம் என்று தனது உடைந்த சிங்களத்தில் விளக்கினார். குழாய் எங்கே ஓடியிருக்கும், எந்த இடத்தில் திருப்பியிருப்பார்கள் என்றெல்லாம் காட்டினார். தான் ஒரு நாளும் ஓட்டாத முறையை, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு அவர் அறிந்து வைத்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. இளைஞர் இஞ்சினைக் கிளப்பினார்.

திரும்ப ஏறியதும் கேட்டேன், “இலக்கத்தைப் பாக்கவேயில்லையே, காக்கா?”

“அது எங்கட இல்ல தம்பி. முன்கண்ணாடி ஒண்டுதானே. எங்கடது ரெண்டு துண்டு. தூரத்திலயே தெரிஞ்சிட்டுது.”

“அப்ப ஏன் எறங்கினீங்க?”

“சத்தத்தைக் கிட்ட நிண்டு கேப்பமெண்டுதான்” என்றார். கொஞ்ச தூரம் போனபின், “டெப்பட் லூசா இருக்கு. பொடியனுக்குச் சொல்ல மறந்திட்டன்” என்றார்.