எத்தனை பேர் சேர்ந்தால் கூட்டம்?

ஓர் அரசு எதைக் கண்டு பயப்படுகிறது என்று அறிய அதன் அரசியல் சாசனத்தைப் புரட்ட வேண்டியதில்லை. தெருவில் எத்தனை பேர் சேர்ந்து நின்றால் குற்றம் என்று அந்நாட்டுச் சட்டம் எண்ணி வைத்திருக்கிறதே, அதைப் பார்த்தால் போதும். இந்த எண் நாட்டுக்கு நாடு வேறு. இதற்கு ஒரு வரலாறும் உண்டு.

இங்கிலாந்தில் 1715-ல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தில் எண் 12. பன்னிரண்டு பேர் அமைதியைக் குலைக்கும் விதத்தில் கூடினால், அதிகாரி ஒருவர் மன்னர் பேரால் அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் அவகாசம். அதற்கும் கலையாதவர்களுக்கு மரண தண்டனை. கொடூரமான சட்டம்தான். ஆனால் வாசி, காத்திரு என்று அதிகாரத்தின் கையையும் அது கொஞ்சம் கட்டிற்று. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. பீட்டர்லூ படுகொலை என்று பேர் பெற்ற அந்நிகழ்வுக்குப் பிறகு, அறிவிப்பு வாசிக்கப்பட்டதா, யார் காதிலாவது விழுந்ததா என்பதே பெரும் சர்ச்சையானது. அரசிடம் கேட்பதற்கு மக்கள் கையில் ஒரு கேள்வியாவது இருந்தது.

மெக்காலே 1837-ல் வரைந்து, 1860-ல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எண் 5. பிரிவு 141-ன்படி, சட்டம் பட்டியலிடும் பொதுநோக்கம் ஒன்றோடு ஐந்து பேர் சேர்ந்தால் சட்டவிரோதக் கூட்டம். பிரிவு 149 இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்த நோக்கத்துக்காக ஒருத்தன் கல்லெறிந்தால் அஞ்சு பேரும் எறிந்த மாதிரி. அங்கே 12, இங்கே 5, ஆகவே காலனிய நாட்டில் எண் இறங்கிவிட்டது என்று நேர்கோடு போட்டுவிடவும் முடியாது. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் மூன்று பேரே சட்டவிரோதக் கூட்டம் ஆகலாம். வேறுபாடு எண்ணில் மட்டும் இல்லை. யார் எண்ணுகிறார்கள், எண்ணி முடித்தபின் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

1919-ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசில் ஜெனரல் டயர் தண்டோரா போட்டு அறிவித்த எண் 4. நான்கு பேர் கூடினாலே சட்டவிரோதம், தேவைப்பட்டால் ஆயுதத்தால் கலைக்கப்படும். அன்று மாலை ஜாலியன்வாலா பாகில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுட்டார்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கு மட்டும் 379. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் கலகம் வெடித்தபோது அந்தப் பழைய கலகச் சட்டத்தை எடுத்து வாசித்தார்கள். ஒரே பேரரசு, ஒரே வருஷம். அங்கே இருந்தவன் காது கொடுத்துக் கேட்கத் தகுந்த குடிமகன். இங்கே இருந்தவன் வெறும் உடல், எண்ணிச் சுடத்தக்க உடல்.

இனி நம் அன்றாடத்துக்கு வருவோம். '144 போட்டுட்டாங்க, நாலு பேருக்கு மேல நிக்கக்கூடாது' என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவை வாசித்துப் பாருங்கள். அதில் எண்ணே கிடையாது! ஒரு செயலைச் செய்யாதே என்று உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் தருகிறது, அவ்வளவுதான். எத்தனை பேர், எந்த இடம் என்பதெல்லாம் உத்தரவு போடுபவர் கையில். எங்கள் ஊரில் ஒரு புத்தக விமர்சனக் கூட்டத்துக்காகக் காவல் நிலையம் போனபோது என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, 'எத்தனை பேர் வருவாங்க?' என்ன புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரம் நுண்தளத்தில் இயங்குகிறது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டுப் பேசுகிறோமே, அது இதுதான்.

மெக்காலேயின் 5 கப்பலேறியும் போயிற்று. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1872-ல், இலங்கைக்கு 1883-ஆம் ஆண்டுச் சட்டமாக. ஒரே மூலப்பிரதி, வெவ்வேறு வாழ்க்கை. மலேசியாவில் 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் அழைப்பில் திரண்ட தமிழர்கள்மீது கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. போலீஸ் அனுமதி இல்லை என்பதே காரணம். 2012-ல் அங்கே அனுமதி போய் முன்னறிவிப்பு வந்தது. சிங்கப்பூரிலோ 2009-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி ஒரே ஒரு ஆள் போதும், அவரே கூட்டம். 2017 அக்டோபரில் சீலன் என்ற கலைஞர் கையில் ஒரு கண்ணாடியோடு நாடாளுமன்றத்துக்கு முன் நின்றார். விசாரணையின்றிச் சிறையிலும் பின்பு கட்டுப்பாட்டிலுமாக 32 ஆண்டுகள் கழித்த சியா தை போவை நினைவூட்டுவது அவர் நோக்கம். அனுமதியற்ற ஊர்வலம் என்று 2018-ல் 2,500 வெள்ளி அபராதம். கட்ட மறுத்து இரண்டு வாரம் சிறை போனார். கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தையும் சேர்த்தால் இரண்டு பேர் என்று எண்ணினார்களோ என்னவோ!

நம்மிடம் 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டங்கள். 141 இப்போது 189, 144 இப்போது 163. பேர் மாறிற்று, ஐந்து அப்படியே இருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 144 அமலில் இருந்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். காவல்துறை வரம்பு மீறியது என்று விசாரணை ஆணையம் பின்னால் சொன்னது. பின்னால்தான். பீட்டர்லூவின் கேள்வி இருநூறு ஆண்டு கழித்து நம் தெருவில் வந்து நின்றது.

சட்டம் என்றால் உச்சநீதிமன்றமும் சாசனமும் மட்டுமே என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 144 உத்தரவுகளை வெளியிட வேண்டும், நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்க அவற்றைப் பயன்படுத்தலாகாது என்று 2020-ல் காஷ்மீர் வழக்கில் அதே உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. இது தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவருவது நம் வேலை. 'தடை இருக்கு, கலைஞ்சு போங்க' என்று சொல்லப்படும்போது, உத்தரவின் நகலைக் கேளுங்கள். எண் எங்கே இருக்கிறது, யார் எழுதியது, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். எண்ணப்படுகிறவர்கள் திருப்பிக் கேள்வி கேட்கும் பழக்கம் எந்த அளவுக்கு இருக்கிறதோ, நாட்டுக்கு நாடு அரசியல் வேறுபடுவதும் அந்த அளவுக்குத்தான்.