ஒரே ஒரு ஃபைல்.. 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கியது எப்படி? சாஃப்ட்வேர் படிப்பவர்களுக்கு 4 பாடங்கள்!

2024 ஜூலை 19, இந்திய நேரப்படி காலை 9.39 மணி. அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக், தனது ஃபால்கன் மென்பொருளுக்கு வழக்கம்போல ஒரு அப்டேட் அனுப்பியது. அவ்வளவுதான்.. விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் என உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் நீலத் திரை! இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

இது ஹேக்கர்கள் வேலை இல்லை. பின்னே என்னதான் நடந்தது?

20-க்கும் 21-க்கும் நடுவே..

சைபர் தாக்குதல்களை அடையாளம் காணும் விதிகள் அடங்கிய ஃபைல் அது. அந்த விதிகளுக்கு 21 தகவல்கள் வரும் என்று வடிவமைத்திருந்தார்கள். ஆனால் தகவல்களை எடுத்துக் கொடுக்கும் புரோகிராம் 20 மட்டுமே கொடுத்தது. அதுவரை எந்த விதியும் 21-வது தகவலைப் பார்க்கச் சொல்லவில்லை. அதனால் பிழை வெளியே தெரியவில்லை. அன்று வந்த புதிய விதி அதைக் கேட்டது. இல்லாத தகவலைத் தேடிப்போன மென்பொருள் கிராஷ் ஆனது.

கற்க வேண்டிய 4 பாடங்கள்

1. நம்பாதே, சரிபார்: எத்தனை தகவல் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் ஒரு சின்ன சோதனை இருந்திருந்தால் போதும். ஃபைலைப் பரிசோதிக்கும் மென்பொருளும் 21 வரும் என்றே நம்பி ஓகே சொல்லிவிட்டது.

2. கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பு: முதலில் சில கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அனுப்பி, பிரச்சனை இல்லை என்றால் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு 'கேனரி ரிலீஸ்' என்று பெயர். விஷவாயுவைக் கண்டறிய சுரங்கத்துக்குள் கேனரி பறவையைக் கொண்டுபோன வழக்கத்தில் இருந்து வந்த பெயர் இது.

3. ஒன்று விழுந்தால் எல்லாம் விழக்கூடாது: ஃபால்கனின் இந்தப் பகுதி, விண்டோஸின் மையமான கெர்னலில் இயங்கியது. அதனால் தான் விழும்போது கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சாய்த்தது.

4. திரும்பி வர வழி வை: 78 நிமிடங்களில் தவறான ஃபைல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கம்ப்யூட்டர்கள் ஆன் ஆனால்தானே திருத்தம் போய்ச் சேரும்? பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

கோடிங் தெரிந்தால் புரோகிராம் எழுதலாம். பெரிய சிஸ்டம் கட்ட, அது எங்கே உடையும் என்றும் யோசிக்கத் தெரிய வேண்டும். உங்கள் காலேஜ் புராஜெக்டையே ஒரு பேப்பரில் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஒவ்வொரு கட்டமாக அடித்துவிட்டு, 'இது நின்றால் வேறு எதெல்லாம் நிற்கும்?' என்று கேளுங்கள். சிஸ்டம் டிசைன் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிரவுட்ஸ்ட்ரைக் தன் தவறை விளக்கும் முழு அறிக்கையை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.